உள்மடிப்பு

அந்தக் கோட்டைத் திறந்து பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று அக்கா சொன்ன வார்த்தை இரண்டு மாதமாக என்னை விட்டுப் போகவில்லை. அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவர். இப்போது விம்பிள்டன் புரோட்வேயிலிருந்து பிரியும் சிறு தெரு ஒன்றில், சலவைக் கடையின் பின்னறையில் உடுப்புத் திருத்திக் கொடுக்கிறார். வேலை முடிந்து வரும் வழியில் அங்கே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். சலவைத் திரவத்தின் நெடியும் நீராவி பட்ட கம்பளியின் வாசமும் சேர்ந்து, மழைநாள் ஆட்டுக்கொட்டில் போல ஒரு மணம் அந்த அறைக்கு உண்டு. அன்றைக்கு மேசையில் கடும்நீலக் கோட் ஒன்று மல்லாந்து கிடந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் ஒருவர் தன் கலியாணத்துக்கு அளவு கொடுத்துத் தைப்பித்தது. கோட், காற்சட்டை, உள்ளே போடும் வெயிஸ்ட்கோட் மூன்றுக்கும் இரண்டாயிரம் பவுணுக்கு மேல் கொடுத்தாராம். இப்போது உடம்பு வைத்துவிட்டது, தெறி பூட்ட முடியவில்லை. பக்கவாட்டில் கொஞ்சம் பிரித்துவிட்டால் போதும் என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா லைனிங்கின் அடிக்கரையைப் பிரித்து, கோட்டின் உட்புறம் வெளியே வரத் திருப்பினார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "தம்பி, இஞ்ச வந்து பாரும்" என்றார். பிரித்துவிட அங்கே துணியே இல்லை. தையலுக்கு வெளியே அரை அங்குலம்கூட விடாமல் வெட்டி, விளிம்புக்கு ஓவர்லொக் அடித்திருந்தார்கள். நெஞ்சுக்கு உருவம் கொடுக்கும் உட்துணியைத் தைக்கவில்லை, சூட்டில் ஒட்டியிருந்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது இடது மார்பில், வெயில் குடித்த பழஞ்சுவரின் பூச்சுப் போல, இரண்டு மூன்று இடத்தில் துணி உப்பி நின்றது. "அவர் இன்னும் காணேல்லை. கண்ணாடிக்கு நேர நிண்டால் தெரியாது" என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தை: "திறந்து பாக்காமலே இருந்திருக்கலாம். இப்ப அவருக்கு என்னத்தைச் சொல்லுறது?"

எனக்குப் பிடிபடாதது இதுதான். அந்த மனிதர் ஐந்து வருஷம் அந்தக் கோட்டோடு சந்தோஷமாக இருந்திருக்கிறார். கலியாணப் படங்களில் நன்றாகவே தெரிந்திருப்பார். உடம்பு வைக்காமல் இருந்திருந்தால், ஆயுள் முழுக்க அந்தக் கோட்டைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இருந்திராது. அப்படியென்றால் அவர் ஏமாந்தது காசு கொடுத்த அன்றா, அல்லது அக்கா தையலைப் பிரித்த அன்றா? காணாத குறை குறைதானா? ட்ராமில் போகும்போது எதிரே இருப்பவர்களின் கோட்டுகளை இப்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. போட்டிருப்பவர்களில் பெரும்பாலானோருக்கும் தெரிந்திருக்காது.

அதே கிழமை இன்னொரு கோட் வந்தது. விம்பிள்டன் வில்லேஜ் மேட்டில் உள்ள சரிட்டிக் கடை ஒன்றில் ஒரு பொடியன் இருபத்தைந்து பவுணுக்கு வாங்கியது. சாம்பல் நிறம், கனத்த துணி, முழங்கை தேய்ந்து பளபளத்திருந்தது. கை நீளத்தை ஒரு அங்குலம் கூட்டி இடுப்பைச் சிறுப்பிக்க வேண்டும் என்று கேட்டிருந்தான். உட்பையின் வாய்க்குள் விரலை விட்டுத் திருப்பினால், வெளியே தெரியாதபடி ஒரு துணிச்சீட்டு. அதில் மையால் எழுதிய ஒரு பெயரும் 1978 என்ற ஆண்டும். லண்டனின் பெரிய தையற்கடைகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு: உடுத்துபவரின் பெயரையும் தைத்த திகதியையும் பைக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். அக்கா பக்கத் தையலைத் திறந்தார். உள்ளே இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டு, மடித்து, விளிம்பைக் கையாலேயே சுற்றித் தைத்திருந்தது. மடிப்புக்குள் கிடந்த துணி வெளியே இருந்ததைவிடக் கருமையாக இருந்தது. வெயிலும் மழையும் படாமல் அது இன்னும் 1978-இன் நிறத்திலேயே இருந்தது. அந்த மடிப்பின் மேல், எறும்பு ஊர்ந்த தடம் போல, ஊசித்துளைகளின் மூன்று வரிகள். அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். "இதுதான் முதல் தைச்சது. பிறகு ஆள் வைச்சிருக்கிறார், இந்தா, ஒரு அங்குலத்துக்குக் கிட்ட விட்டிருக்கினம். இது கடைசித் தையல்." கடைசி வரி முதலாவதையும் தாண்டி உள்ளே வந்திருந்தது. நல்ல காலத்தில் பெருத்த ஒரு மனிதர், கடைசியில் தன் இளமையின் அளவைவிட மெலிந்துபோயிருக்கிறார். முன்பின் அறியாத ஒருவரின் நோயை அந்தப் பின்னறையில் இரண்டு தமிழர் நின்று வாசித்துக்கொண்டிருந்தோம். மூன்று வரியும் ஒரே கை இல்லை. முதற்கையின் தையல் எள்ளுப் போலப் பொடி. இரண்டாவது கொஞ்சம் அகலம். மூன்றாவது மற்றப் பக்கம் சாய்ந்திருந்தது. "இடக்கைக்காரர் போல" என்றார் அக்கா. அந்த இடக்கைக்காரரைப் பற்றி உலகத்தில் வேறு யாருக்கும் ஒரு நினைவும் இருக்குமோ தெரியாது. அந்த வரி மட்டும் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேர் அதைப் பார்த்தோம்.

ஒரு கோட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அக்கா எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டித் தந்திருக்கிறார். மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே கான்வஸ் என்ற மூன்றாவது துணி இருக்கும். கம்பளியோடு ஆட்டுமயிர் கலந்து நெய்தது. நெஞ்சுக்கு மேல் குதிரைமயிர் குறுக்கிழையாக ஓடும் இன்னொரு துண்டு. மயிர் வளைந்தாலும் நிமிர்ந்துகொள்ளும், அதுதான் கோட்டின் நெஞ்சை நிறுத்திவைக்கிறது. நல்ல தையற்காரர் அந்தக் கான்வஸை முதலில் தண்ணீரில் போட்டெடுத்துக் காயவைப்பார். பின்னாளில் சுருங்குவதென்றால் இப்போதே சுருங்கட்டும் என்று. பிறகு கழுத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கும் லேப்பல் மடிப்பு. அதை விரல்மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சாய்தையலாக, மேல்துணியின் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசி கவ்வும்படி குத்திக் குத்தி எடுக்க வேண்டும். கூடக் கவ்வினால் வெளியே புள்ளி தெரியும், குறையக் கவ்வினால் பிடிக்காது. ஒரு மடிப்புக்கு இப்படிப் பல நூறு குத்து. விரலின் வளைவு துணிக்குள் இறங்கி, காகிதம் மடித்தது போல் தட்டையாகக் கிடக்காமல், வாழைக்குருத்து விரிவது போல உருண்டு விழும். பசை போட்டு ஒட்டும் முறையில் இந்த வேலைகளெல்லாம் சூடும் அழுத்தமும் சேர்ந்த சில நொடிகளில் முடிந்துவிடும். 1846-இல் ஹென்றி பூல் கடை, லண்டனின் தையற்கடைத் தெருவான சவில் ரோவில் வாசல் திறந்த காலத்தில் அப்படி ஒரு குறுக்குவழி இருக்கவில்லை, எல்லாருக்கும் ஊசிதான். இன்று அந்தத் தெருவின் கடைகள் 2004-இல் கூடி அமைத்த சங்கம், ஒரு சூட்டுக்குக் குறைந்தது ஐம்பது மணித்தியாலக் கைவேலை இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. விலை ஐந்தாயிரம் பவுணைத் தாண்டுகிறது. முதல் அளவு பார்க்க வெள்ளை நூலால் மேலோட்டமாகத் தைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு அந்தத் தையலையெல்லாம் உருவி, கோட்டை மறுபடி வெறும் துணியாக்கி, சோக்கால் குறி திருத்தி, புதிதாகத் தொடங்குவார்கள். அந்த வெள்ளை நூலில் ஒரு முழமும் கடைசியில் மிஞ்சாது. காலங்காலமாக இதைச் செய்த கைகள் பெரும்பாலும் நிலவறைகளில் இருந்த கைகள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள், பிறகு சைப்ரஸ்காரர். தெறித்துளை கட்டியவர்களிலும் லைனிங் வைத்தவர்களிலும் பலர் பெண்கள். பைக்குள் இருக்கும் சீட்டில் கடையின் பெயர் இருக்கும், உடுத்துபவரின் பெயர் இருக்கும். தைத்தவரின் பெயர் இருப்பதில்லை.

இதற்கு எதிராகச் சொல்ல நிறைய இருக்கிறது, அதில் பாதியை நானும் நம்புகிறேன். இன்றைய நல்ல பசைத்துணி முன்னைப் போல் லேசில் உப்புவதில்லை. வெட்டு சரியாக இருந்தால் ஒட்டிய கோட்டும் அழகாகவே விழும். வெட்டுப் பிழைத்தால் ஆயிரம் கைத்தையலும் அதைக் காப்பாற்றாது. இரண்டையும் போட்டு ஒருவரை நிறுத்தினால் பத்தடி தள்ளி நின்று வித்தியாசம் சொல்ல என்னால் முடியாது. நேர்முகத் தேர்வுக்கு நூறு பவுணுக்குக் கோட் வாங்கிப் போன எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தக் கோட்டோடுதான் வாழ்க்கையில் ஏறினார்கள். அந்தப் பசையை நான் பழிக்க மாட்டேன். என் கேள்வி விலையுயர்ந்த கோட்டைப் பற்றியது: இரண்டாயிரம் கொடுப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டிய கடமை தைப்பவருக்கு உண்டா? 2008-இல் இந்த நாட்டில் இதே கேள்வி விளம்பரங்களைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கு முன்னால் போனது. அளவெடுத்த பிறகு மெஷினில் வெட்டித் தைத்த சூட்டை 'பிஸ்போக்' என்று சொல்லி விற்கலாமா என்பது முறைப்பாடு. சாதாரண வாடிக்கையாளர் அந்தச் சொல்லைக் கேட்டு முழுக்கக் கையால் தைத்ததை எதிர்பார்ப்பதில்லை, ஆகவே தவறில்லை என்று தீர்ப்பாயிற்று. வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தச் சொல்லைப் பற்றி யோசித்தேன். வாடிக்கையாளர் தெரிந்தெடுத்த துணியை, இது பேசியாகிவிட்டது, வேறொருவருக்கும் கொடுக்காதே என்று கடைக்காரர் ஒதுக்கிவைப்பாராம். அந்தப் 'பேசிவைத்தது' என்பதிலிருந்துதான் பிஸ்போக் வந்ததென்று தையற்காரர் சொல்வார்கள். நாங்கள் கலியாணம் பேசி முற்றாக்குவது போலத்தான். ஆனால் என்ன பேசுகிறோம்? நிறம் பேசுகிறோம், பை எத்தனை, தெறி எத்தனை, பின்னால் வெட்டு ஒன்றா இரண்டா என்று பேசுகிறோம். உள்மடிப்புக்கு எவ்வளவு துணி விடுவீர்கள் என்று கேட்டவரை அக்கா இத்தனை வருஷத்தில் கண்டதில்லை. பேசாமல் விட்ட பங்கெல்லாம் தைப்பவரின் மனச்சாட்சியிடம் போய்ச் சேர்கிறது. எந்த ஆணையத்தாலும் அதைத் தீர்த்துவைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. மறைந்திருப்பதன் மதிப்புத் தெரிந்தவர்கள் அதை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கோட்டின் கீழ்த் தெறித்துளைக்குப் பக்கத்தில் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து, நடுவில் மூன்றாவது துணி தனியாக நழுவுகிறதா என்று சோதிப்பது சிலருக்கு ஒரு குலக்குறி போல ஆகியிருக்கிறது. மணிக்கட்டுத் தெறிகளில் ஒன்றைப் பூட்டாமல் விடுவார்கள், துளை உண்மையானது என்று காட்ட. மடிப்பின் ஓரத்தில் கைத்தையல் போன்ற புள்ளிகளைப் போட்டுத் தர மெஷின் வந்து எத்தனையோ காலமாயிற்று. காட்டுவதற்காகவே செய்தால் அது உட்பக்கமாக இருக்காது, இன்னொரு வெளிப்பக்கம், அவ்வளவுதான்.

என் அப்பா கோட் போட்டு எடுத்த படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஸ்டூடியோவில் எடுத்தது. கோட் ஸ்டூடியோவுக்குச் சொந்தம். ஊரில் பாதிப் பேர் அதே கோட்டுக்குள் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அது பெரிது. முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்து, உடுப்புக் காயப்போடும் கிளிப் மூன்றைப் பூட்டித்தான் அந்த நெஞ்சு எடுப்பாக வந்தது என்று அம்மா சொல்லுவார். படத்தின் சட்டத்துக்குக் கீழே அப்பா வேட்டிதான் கட்டியிருந்தார். வேட்டிக்கு உள்ளும் புறமும் ஒன்று. ஒளிக்க அதில் இடமில்லை. (1888-இல் லண்டனுக்குப் படிக்க வந்த காந்தி, பாண்ட் தெருவில் பத்துப் பவுணுக்கு ஒரு மாலையுடுப்புத் தைப்பித்ததை வீண்செலவென்று தன் சுயசரிதையில் எழுதினார். 1921-இல் மதுரையில் அரைத்துணிக்கு மாறிய மனிதர் அவர். உடுப்புக்கு உட்புறமே வேண்டாம் என்று முடிவெடுத்தவராகச் சில நேரம் அவரை நினைத்துக்கொள்வேன்.) அப்பாவின் படம் நாற்பது வருஷமாகச் சுவரில் தொங்குகிறது. கோட்டின் உட்புறம் ஒரு பொருட்டில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்று நான் வாதாடியதுண்டு. ஆனால் அந்தப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால், அப்பா மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறார். கிளிப் தெறித்துவிடும் என்ற கவலை முகத்தில் இருக்கிறது. பார்ப்பவருக்குத் தெரியாவிட்டாலும் போட்டிருந்தவருக்குத் தெரிந்திருந்தது. நீலக்கோட்டுக்காரருக்கு அதுவும் தெரியாது. ஸ்டூடியோக் கோட் யாரையும் ஏமாற்றவில்லை, ஒரு நொடிக்கு வேண்டியதை ஒரு நொடிக்குத் தந்தது.

மேர்ட்டன் ஹோல் ரோட்டில் உள்ள விம்பிள்டன் கலைக் கல்லூரியில் நாடக உடுப்புத் தைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கள் தெருப் பிள்ளை ஒன்று அங்கே படித்தது. மேடை உடுப்பென்றால் கடைசி வரிசையிலிருந்து பார்க்க அழகாக இருந்தால் போதும், உள்ளே எப்படி இருந்தால் என்ன என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை சிரித்தது. மேடை உடுப்பில்தான் உள்மடிப்பு ஆக அதிகமாக விட வேண்டும், இந்த நடிகருக்குப் பிறகு அது இன்னொரு நடிகருக்குப் போகும் என்றது. 1910-ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் திறந்த நியூ விம்பிள்டன் தியேட்டரைக் கடக்கும்போது, இதற்குள் எத்தனை உடுப்புகள் எத்தனை உடம்புகளைக் கண்டிருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். இங்கிருந்து வாண்டில் ஆற்றங்கரைக்கு நடந்தால் மேர்ட்டன் அபி வரும். வில்லியம் மொரிஸ் 1881-இல் அங்கே துணிப் பட்டறை வைத்தார். 1940 வரை அது நடந்தது. அங்கே சித்திரத் திரை நெய்தவர்கள் தறிக்குப் பின்பக்கம் அமர்ந்து, நூல்முனைகள் தொங்கும் புறத்திலிருந்தே நெய்தார்கள். முன்பக்கம் எப்படி வருகிறதென்று பார்க்கத் தறிக்கு முன்னே ஒரு கண்ணாடி வைத்திருந்தது. இழைகளுக்கு இடையால் அந்தக் கண்ணாடியை எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். செய்பவர் வாழ்நாள் முழுக்க இருந்தது நாம் 'மறைந்த பக்கம்' என்று சொல்லும் பக்கத்தில். அவருக்கு அதுதான் பக்கம், மற்றது கண்ணாடியில் தெரியும் நிழல்.

எஃப்ரா ரோட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு நான் இங்கே வந்த நாளிலிருந்தே போகிறேன். 1981-இல் தொடங்கிய கோயில். லண்டனில் எங்கள் சனம் முதன்முதல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடிய இடங்களில் ஒன்று. இந்தக் கோட்டு விஷயம் மனதில் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை அங்கே அபிஷேகம் பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டும் மாலையும் கவசமும் இருக்கும்போது நாங்கள் பார்ப்பது முகத்தை மட்டும்தான். அபிஷேகத்துக்கு எல்லாம் களைந்து, பாலும் தண்ணீரும் வழியும்போதுதான் கல் தெரிகிறது. சிற்பி கல்லிலேயே உடுப்பின் மடிப்பைச் செதுக்குகிறார், அரைஞாணைச் செதுக்குகிறார், பூணூலின் திரியைச் செதுக்குகிறார். அவருக்குத் தெரியும், நாளைக்கே இதன்மேல் பட்டுச் சுற்றப்போகிறார்கள் என்று. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் முதுகுப்புறத்திலும் அதே கவனம் இருக்கும். சடைமுடி விழும் விதம், அரையில் கட்டிய துணியின் முடிச்சு, எல்லாம். அலங்காரம் செய்து வீதிவலம் போகும் தெய்வத்தின் முதுகை யார் காண்பது? பூசை செய்யும் ஐயர் காண்பார். நீராட்டும் கை தடவும். நெருங்கிப் பணிசெய்யும் ஒருவருக்காக ஆயிரம் பேர் காணாத வேலை அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே நின்றபோது என் வாதத்துக்கு இடைஞ்சலாக வேறொன்றும் நினைவுக்கு வந்தது. மூலவரைப் பீடத்தோடு பிடித்துவைப்பது மருந்து, அதாவது பசை. அஷ்டபந்தனம். கொம்பரக்கும் குங்கிலியமும் கற்காவியும் தேன்மெழுகும் எருமை வெண்ணெயும் மற்றவையும் சேர்த்து இடித்து இடித்து எடுப்பது. ஒட்டுவது தாழ்ந்த வேலை, தைப்பது உயர்ந்த வேலை என்று நான் மனதுக்குள் போட்டுவைத்திருந்த கணக்கு அங்கே பிசகிப்போனது. அந்தப் பசை இறுகும், வெடிக்கும், விட்டுப்போகும் என்று இடித்தவர்களுக்கே தெரியும். அதனால்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழையதை எடுத்துப் புதிது சாத்திக் குடமுழுக்குச் செய்ய வேண்டும் என்ற முறை இருக்கிறது. நீலக்கோட்டில் என்னை வருத்தியது பசை இல்லை போலும். அதைத் திறக்க இன்னொருவர் வருவார் என்று அதைச் செய்தவர்கள் நினைக்கவேயில்லை. 1978-இன் கோட்டை வெட்டியவர் நினைத்திருக்கிறார். பெருக்கவும் மெலியவும் போகிற ஓர் உடம்பை, தான் காணாத ஓர் இடக்கைக்காரரை, விம்பிள்டனில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணை. இன்றைய மன்னர் சார்ள்ஸ் 1984-இல் தைப்பித்த பகற்கோட்டை 2018-இல் இளைய மகனின் கலியாணத்துக்குப் போட்டுக்கொண்டு வந்ததாகச் செய்தி வந்தபோது எல்லாரும் சிக்கனத்தைப் புகழ்ந்தார்கள். நான் நினைத்தது உட்புறத்தில் கிடந்திருக்கும் துணியை.

இதையெல்லாம் எனக்கு முதலில் காட்டியது கோட்டே இல்லை. எங்கள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. ஊரில் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது அடிக்கரையில் நாலு விரல் மடித்துத் தைப்பார்கள். வளருற பிள்ளை என்பார்கள். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும் முன் அம்மா அந்த மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவார். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போகாது. எத்தனை நீலம் போட்டுத் தோய்த்தாலும் தெரியும். தங்கச்சியின் சட்டையில் ஒரு வருஷம் மூன்று கோடு இருந்தது. அவளுக்கு அது வெட்கம். அம்மாவுக்கு அது மூன்று வருஷம் பிள்ளை நோய்நொடி இல்லாமல் வளர்ந்த கணக்கு. அம்மாவின் சேலைச் சட்டையிலும் அக்குளுக்குக் கீழே ஒன்றன் பின் ஒன்றாக மூன்று தையல் ஓடும், வேண்டும்போது ஒவ்வொன்றாகப் பிரிக்க. சவில் ரோ விலைக்கு விற்கும் ஒன்றை எங்கள் ஊர்த் தையற்காரி கேட்காமலே வைத்துத் தந்தார். அக்கா அப்படிப்பட்ட தையற்காரியிடம் படித்தவர். 1995 ஒக்டோபரில் போர் நெருங்கி யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது, தன் சிங்கர் மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர். இரும்புக் காலைக் கொண்டுபோக முடியவில்லை. கிணற்றடியில் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வருவோம் என்றுதான் எல்லாரும் போனார்கள். கால் அங்கே இருக்கும், தலையைக் கொண்டுவந்து பூட்டினால் சரி என்று அவர் கணக்கு. அந்தத் தலை பிறகு வன்னியில் எங்கோ யாருக்கோ போயிற்று. இதை அக்கா ஒரே ஒரு தரம்தான் சொன்னார், அதுவும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

நீலக்கோட்டுக்காரரிடம் அக்கா உள்ளதைச் சொல்லிவிட்டார். உப்பியதை ஒன்றும் செய்ய முடியாது, நீராவியில் கொஞ்ச நாளைக்கு அமரும், பிறகு எழும்பும் என்றார். பக்கத்தில் விட இதில் துணி இல்லை, வெயிஸ்ட்கோட்டை இனிப் போடப் போவதில்லை என்றால் அதை வெட்டி இரண்டு பக்கமும் ஒரு பட்டி வைத்துத் தரலாம், கைக்குக் கீழே வருவதால் தெரியாது என்றார். அந்த மனிதர் மேசையில் திறந்து கிடந்த தன் கோட்டின் உட்புறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். தன் கலியாணத்துக் கோட்டை அவர் இப்படிப் பார்த்தது அதுதான் முதல் தரம். கோபப்படவில்லை. வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

போன செவ்வாய்க்கிழமை நான் போனபோது பட்டி வைத்துத் தைத்தாகிவிட்டது. வெயிஸ்ட்கோட்டின் முன்பக்கம் இரண்டும் நீளத் துண்டுகளாகி, துணியின் இழை ஓட்டம் பிசகாமல் கோட்டின் பக்கங்களில் போய்ச் சேர்ந்திருந்தன. லைனிங்கை இன்னும் மூடவில்லை. உள்ளே பார்த்தேன். அவருக்கு வேண்டியது பக்கத்துக்கு முக்கால் அங்குலம். அக்கா அதற்கும் மேலாக இன்னும் ஒரு அங்குலம் விட்டு, மடித்து, விளிம்பைக் கையால் சுற்றித் தைத்திருந்தார், எள்ளுத் தையல். வாங்கும் காசுக்கு அந்த மடிப்புச் சேராது. அதற்குப் போன நேரத்தையும் அவர் கணக்கில் எழுதப் போவதில்லை.

"இதென்னக்கா இவ்வளவு விட்டிருக்கிறீங்கள்?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அவர் இன்னும் வைப்பார், தம்பி."